பெருநகர் வேறு, மாநகர் வேறு

சென்னையில் நாம் ஏறும் பேருந்தை ஓட்டுவது மாநகர் போக்குவரத்துக் கழகம். அடுக்குமாடி கட்ட அனுமதி கேட்டுப் போனால் அந்த அலுவலகத்தின் பெயர் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம். குடிநீருக்குப் பணம் கட்டுவது பெருநகர் குடிநீர் வாரியத்தில். பேச்சில் அது 'மெட்ரோ வாட்டர்'. மூன்று அமைப்புகளின் ஆங்கிலப் பெயரிலும் இருப்பது மெட்ரோபாலிட்டன் என்ற ஒரே சொல்தான். தமிழில் ஒரு இடத்தில் மாநகர், இரண்டு இடங்களில் பெருநகர், வாய்ப்பேச்சில் மெட்ரோ.

எப்படி எழுதினால் என்ன, பொருள் புரிகிறதே என்று விட்டுவிட எனக்கு மனமில்லை. இந்தச் சொல் போன இடமெல்லாம் 'ஊர் எது வரை?' என்ற கேள்வியைக் கொண்டுபோயிருக்கிறது. அந்தக் கேள்விக்காக அக்கம்பக்கத்து நகரங்கள் பல ஆண்டுகள் சண்டை போட்டிருக்கின்றன. மாநகர், பெருநகர் இரண்டையும் கலந்து எழுதினால் அவை எதற்காகச் சண்டை போட்டன என்பதே தமிழில் புரியாமல் போய்விடும்.

மூலம் கிரேக்கம். 'மேத்தேர்' என்றால் தாய், 'போலிஸ்' என்றால் நகரம். மேத்ரோபோலிஸ் என்றால் தாய்நகர். கிரேக்க நகரங்கள் கடல் கடந்து ஆட்களை அனுப்பிப் புதிய ஊர்களைக் குடியேற்றின. அப்படிக் குடியேறிய ஊருக்கு, ஆள் அனுப்பிய ஊர் தாய்நகர். ஆக, பிறந்தபோது இந்தச் சொல் ஊரின் அளவைப் பற்றிப் பேசவே இல்லை. உறவைப் பற்றித்தான் பேசியது. சேய் ஊர் தாய் ஊருக்கு விழாக்களில் முதல் மரியாதை தர வேண்டும் என்பது வழக்கம். கொரிந்து நகரம் குடியேற்றிய ஊர் கொர்கைரா. செல்வமும் கப்பற்படையும் சேர்ந்ததும் கொர்கைரா அந்த மரியாதையை நிறுத்தியது. கி.மு. 435-இல் எபிடாம்னோஸ் என்ற ஊரின் மேல் யாருக்கு உரிமை என்று இரண்டும் மோதிக்கொண்டன. கி.மு. 431-இல் தொடங்கிய பெலொப்பொனேசியப் போருக்கு இட்டுச்சென்ற காரணங்களில் அந்த மோதலும் ஒன்று.

பிறகு சொல் தேவாலயத்துக்குள் போனது. ஒரு மாகாணத்தின் தலைமை நகரத்தில் இருக்கும் ஆயர், மற்ற ஆயர்களுக்கு மேலானவராக 'மெட்ரோபாலிட்டன்' ஆனார். கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்கள் இன்றும் 'மெத்ராப்போலீத்தா' என்று சொல்வது இந்த வழியில் வந்ததே. பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் காலனிகளுக்கு எதிரே பிரான்சை 'மெத்ரோபோல்' என்றார்கள். தாய்நகர் அங்கே தாய்நாடாகிவிட்டது. லண்டனில் 1863-இல் ஓடத் தொடங்கிய சுரங்க ரயில் நிறுவனத்தின் பெயர் மெட்ரோபாலிட்டன் ரயில்வே. பாரிஸ் அந்தப் பெயரை வாங்கி 'மெட்ரோ' என்று சுருக்கியது. நம் ஊர் மெட்ரோ ரயில் வரை வந்திருப்பது அந்தச் சுருக்கம்தான்.

இன்றைய நிர்வாகப் பொருள் இவை எல்லாவற்றிலிருந்தும் விலகியது. அமெரிக்கக் கணக்கெடுப்புத் துறை 1910-இலேயே 'மெட்ரோபாலிட்டன் மாவட்டம்' என்று ஒன்றை வகுத்துவிட்டது. நகராட்சிக் கோட்டைத் தாண்டியும் நகரம் பரவிக் கிடக்கிறதே, அதை எப்படி எண்ணுவது என்பதே அதன் கவலை. இப்போதைய கணக்கு இன்னும் நுட்பமானது. மையக் கவுன்டிக்கு, அதாவது நம் மாவட்டம் போன்ற ஒரு பிரிவுக்கு, வெளியே உள்ள கவுன்டி ஒன்றில் குடியிருந்து வேலை பார்ப்பவர்களில் நான்கில் ஒரு பங்குப் பேர் தினமும் மையத்துக்கு வேலைக்குப் போய்வந்தால் அதுவும் அந்தப் பெருநகர்ப் பகுதியில் சேரும். நகரத்தின் எல்லையை மதிலோ ஆறோ தீர்மானிப்பதில்லை. காலையில் கிளம்பி மாலையில் திரும்பும் மக்கள் தீர்மானிக்கிறார்கள். எனக்கு இது மிக நல்ல வரையறையாகத் தோன்றுகிறது.

வரையறை நன்றாக இருந்தால் சண்டை வராது என்றில்லை. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் மிசிசிப்பி ஆற்றின் மேல் ஒட்டி நிற்கும் மின்னியாபோலிஸ், செயின்ட் பால் இரண்டையும் பார்த்தால் தெரியும். ஆற்றுக்கு இந்தப் பக்கம் நெல்லை, அந்தப் பக்கம் பாளை என்று வளர்ந்தவர்களுக்கு அந்த அமைப்பு சட்டென்று விளங்கும். நீராவிப் படகுகள் ஆற்றில் மேலேறி வரக்கூடிய கடைசித் துறையில் எழுந்தது செயின்ட் பால். மாநிலத் தலைநகரும் அதுதான். அதற்கும் மேலே, அருவியின் விசையில் ஓடிய மாவு ஆலைகளால் வளர்ந்தது மின்னியாபோலிஸ். டகோட்டா மக்களின் மொழியில் 'ம்னி' என்றால் நீர். அதோடு கிரேக்கத்து 'போலிஸ்' சேர்ந்து அந்தப் பெயர் உருவானது. மெட்ரோபோலிஸின் பாதி அந்த ஊரின் பெயரிலேயே இருக்கிறது.

1880 கணக்கெடுப்பில் மின்னியாபோலிஸ் 46,887 பேருடன் முந்தியது. செயின்ட் பாலில் 41,473 பேர். பத்தாண்டு கழித்து 1890 கணக்கெடுப்பு வந்தபோது இரண்டு ஊரும் மானப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டன. மின்னியாபோலிஸில் கணக்கெடுப்பாளர்கள் இல்லாத ஆட்களைப் பட்டியலில் எழுதுகிறார்கள் என்று செயின்ட் பாலில் புகார் எழ, ஏழு பேரைக் கைது செய்து செயின்ட் பாலுக்குக் கொண்டுபோனார்கள். பிறகு பார்த்தால் புகார் சொன்ன ஊரிலும் அதே வேலை நடந்திருந்தது. அங்கே ரயில் நிலையக் கட்டடத்தில் மட்டும் 275 பேர் குடியிருப்பதாக எழுதியிருந்தார்கள். இரண்டு ஊரிலும் மறுபடி எண்ண உத்தரவானது. மின்னியாபோலிஸ் கணக்கில் 18,229 பேரும் செயின்ட் பால் கணக்கில் 9,425 பேரும் கழிந்தார்கள். கடைசியாக நின்ற எண்ணிக்கை 1,64,738-உம் 1,33,156-உம். பொய் கழித்த பிறகும் மின்னியாபோலிஸ்தான் பெரிய ஊர். அத்தனை பாடுபட்டும் வரிசை மாறவில்லை.

ஆனால் ஆறு ஒன்றுதான். இரண்டு ஊர்ச் சாக்கடையும் சுத்திகரிக்கப்படாமல் அதே மிசிசிப்பியில்தான் விழுந்துகொண்டிருந்தது. போட்டியை வைத்துக்கொண்டு அதைத் தீர்க்க முடியாது என்பதால் 1933-இல் இரண்டுக்கும் பொதுவாகக் கழிவுநீர் அமைப்பு ஒன்று உருவானது. 1938-இல் சுத்திகரிப்பு நிலையம் ஓடத் தொடங்கியது. விமான நிலையத்திலும் இதே கதை. ஆளுக்கொன்று வளர்க்கப் பார்த்தவர்களை நிறுத்தி, 1943-இல் மாநிலச் சட்டமன்றம் பெருநகர் விமான நிலைய ஆணையத்தை அமைத்தது. 1956-இல் பேஸ்பால் மைதானம் கட்டியபோது இரண்டு ஊரிலும் கட்டாமல் புறநகரான புளூமிங்டனில் கட்டி, அதற்கு மெட்ரோபாலிட்டன் ஸ்டேடியம் என்று பெயர் வைத்தார்கள். எந்த ஊர்ப் பெயரையும் சொல்லாமல் இருவரையும் சேர்த்துக் குறிக்க ஒரு சொல் தேவைப்பட்டது. இங்கே தாயும் இல்லை, சேயும் இல்லை; 'எல்லோருக்கும் பொதுவானது' என்பதே பொருள்.

பகை ஆறிவிட்டது என்று நினைத்த நேரத்தில் 1965 மே மாதம் வந்தது. கோடைக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவதில் இரண்டு நகராட்சிகளும் ஒத்துப்போகவில்லை. செயின்ட் பால் 9-ஆம் தேதி தள்ளியது. மின்னியாபோலிஸ் மாநிலச் சட்டம் சொன்னபடி 23-ஆம் தேதி வரை காத்திருந்தது. பாலத்தைக் கடந்தால் மணி மாறும் ஊரில் இரண்டு வாரம் மக்கள் வேலைக்குப் போய்வந்தார்கள். காலையில் ஆற்றைத் தாண்டிப் போய் மாலையில் திரும்புகிறவர்களுக்குத்தான் முதல் அடி. பெருநகர் என்றால் யார் என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரியவில்லை.

அதற்குள் புறநகர்களில் வீட்டுக் கிணறுகளில் செப்டிக் டேங்க் நீர் கலப்பது தெரியவந்திருந்தது. 1967-இல் இரண்டு ஊரும் புறநகர்களும் அடங்கிய ஏழு கவுன்டிகளுக்கும் சேர்த்துப் பெருநகர் மன்றம் அமைந்தது. 1971-இல் வந்த சட்டம் இன்னும் துணிச்சலானது. கடை, தொழிற்சாலைகள் பெருகுவதால் ஓர் ஊருக்குக் கூடும் வரி மதிப்பில் 40 விழுக்காடு பொதுத் தொகுப்புக்குப் போய், எல்லா ஊர்களுக்கும் பகிரப்படும். வசதி குறைந்த ஊருக்குக் கூடுதல் பங்கு. வணிக வளாகம் உன் எல்லையில் வந்தாலும் என் எல்லையில் வந்தாலும் பயன் கொஞ்சம் இருவருக்கும் உண்டு என்றானதும் எல்லைச் சண்டையின் சூடு குறைந்தது. எல்லைக் கோட்டை அழிக்காமலே இதைச் செய்தார்கள் என்பதுதான் எனக்குப் பெரிதாகப்படுகிறது.

எங்கே கோடு போடுகிறோம் என்பதை வைத்து முதலிடமே மாறிவிடும். ஆஸ்திரேலியாவில் சிட்னிக்கும் மெல்பர்னுக்கும் நெடுங்காலப் போட்டி. 2023 ஏப்ரலில் மெல்பர்ன் முந்திவிட்டது என்று செய்தி வந்தது. மெல்ட்டன் என்ற ஊரை மெல்பர்னோடு சேர்த்துக் கணக்கிட்டதில் 2021 ஜூன் நிலவரப்படி மெல்பர்ன் 48,75,400, சிட்னி 48,56,700. விரிந்த பெருநகர எல்லையை எடுத்துக்கொண்டால் அப்போதும் சிட்னிதான் பெரிது. வாழத் தகுந்த நகரங்களின் பட்டியலிலும் கவனம் வேண்டும். எக்கனாமிஸ்ட் குழுமத்தின் ஆய்வுப் பிரிவு பாதுகாப்பு, மருத்துவம், பண்பாடும் சூழலும், கல்வி, உள்கட்டமைப்பு என்று ஐந்து தலைப்புகளில் மதிப்பெண் போடுகிறது. மெல்பர்ன் 2011 முதல் 2017 வரை முதலிடம். 2018-இல் வியன்னா முந்தியது. நகர நடுவில் இருப்பவருக்குக் கிடைக்கும் மருத்துவமனையும் ரயிலும் விளிம்பில் இருப்பவருக்கும் கிடைக்கிறதா? பட்டியலில் ஊர்ப் பெயர் ஒன்றுதான். அந்தப் பெயருக்குள் யார் யார் அடக்கம் என்று கேட்காமல் 'வாழத் தகுந்தது' என்ற சொல்லை நம்பக் கூடாது.

இனி நம் சொற்களுக்கு வருவோம். சங்கப் பாடல்களில் 'நகர்' பெரும்பாலும் மாளிகையையோ கோயிலையோ குறிக்கும். "முக்கட் செல்வர் நகர்வலஞ் செயற்கே" என்று காரிகிழார் புறநானூற்றில் பாடும்போது நகர்வலம் என்பது சிவன் கோயிலை வலம் வருவது. பெரிய ஊருக்கு மூதூர், பேரூர் என்ற சொற்கள் இருந்தன. இன்று பேரூராட்சி என்பது நகராட்சிக்கும் கீழ்ப்படி, மாநகராட்சி உச்சிப்படி. 'பேர்', 'மா' இரண்டுக்கும் பொருள் பெரிது என்பதுதான். படிநிலையைத் தந்தது சட்டம். எனவே வேர்ச்சொல்லை மட்டும் வைத்து எது சரி என்று வாதிடுவதில் பயனில்லை; வழக்கை நாம்தான் உறுதிசெய்ய வேண்டும்.

சட்டத்தில் வேறுபாடு தெளிவாக இருக்கிறது. மாநகராட்சி என்பது ஓர் ஊரின் உள்ளாட்சி. அரசியலமைப்பின் 74-ஆவது திருத்தம் சொல்லும் மெட்ரோபாலிட்டன் பகுதி என்பது 10 லட்சமோ அதற்கு மேலோ மக்கள் வாழும், இரண்டோ அதற்கு மேலோ நகராட்சிகளோ ஊராட்சிகளோ ஒட்டிக் கிடக்கும் பிற பகுதிகளோ சேர்ந்த பரப்பு. சென்னைப் பெருநகர்ப் பகுதியின் பழைய 1,189 சதுர கிலோமீட்டருக்குள்ளேயே இன்று சென்னை, ஆவடி, தாம்பரம் என்று மூன்று மாநகராட்சிகள் இருக்கின்றன. 2022-இல் அந்தப் பகுதி 5,904 சதுர கிலோமீட்டராக விரிந்தது. ஒரு பெருநகருக்குள் பல மாநகர்கள். மெட்ரோபாலிட்டனை மாநகர் என்று எழுதினால் தாம்பரத்துக்காரர் எங்கே போவார்? 426 சதுர கிலோமீட்டர் ஆளும் உள்ளாட்சிக்குப் 'பெருநகர சென்னை மாநகராட்சி' என்று பெயர் வைத்ததிலும் இதே குழப்பம் இருக்கிறது; அங்கே 'பெருநகர' என்பது 'கிரேட்டர்' என்ற வேறொரு ஆங்கிலச் சொல்லுக்கு ஈடாக வந்தது.

என் பரிந்துரை இதுதான். கிரேக்கப் பொருளுக்குத் தாய்நகர். ஓர் உள்ளாட்சிக்குள் அடங்கும் நகரத்துக்கு மாநகர். பல ஊர்கள் சேர்ந்த பரப்புக்குப் பெருநகர்ப் பகுதி. அதற்குரிய அமைப்புகளுக்குப் பெருநகர் மன்றம், பெருநகர் ஆணையம். மெட்ரோ ரயில் மக்கள் வாயில் ஊறிவிட்டது, அப்படியே இருக்கட்டும். மக்கள்தொகைச் செய்தியை மொழிபெயர்ப்பவர்கள் மட்டும் மிகவும் கவனிக்க வேண்டும். 2020 கணக்கெடுப்பில் மின்னியாபோலிஸ் மாநகரில் 4,29,954 பேர். மின்னியாபோலிஸ்–செயின்ட் பால் பெருநகர்ப் பகுதியில் 36,90,261 பேர். சொல்லை மாற்றிப் போட்டால் கணக்கு எட்டு மடங்குக்கு மேல் பிசகிவிடும்.