மலைக்கொட்டை ஏன் கனக்கிறது?

பழைய வண்ணாரப்பேட்டையில் நாங்கள் வழக்கமாகக் காப்பிப்பொடி வாங்கும் கடையில் கொட்டையையும் அங்கேயே வறுப்பார்கள். போன வாரம் வறுக்காத கொட்டை இரண்டு மூட்டை பிரித்து வைத்திருந்தார்கள். இரண்டுமே அராபிகா என்ற காப்பி இனம்தான். ஒன்று ஏற்காட்டுச் சரக்கு, மற்றது தாழ்வான தோட்டத்திலிருந்து வந்தது. ஒரே டம்ளரில் இரண்டையும் தலைதட்டி அளந்து, தராசில் வைத்துக் காட்டச் சொன்னேன். ஏற்காட்டுக் கொட்டைதான் கனம். "மலைக்கொட்டை கனமாத்தாண்ணா இருக்கும்" என்றார் கடைக்காரர்.

கையில் எடுத்துப் பார்த்தாலே வித்தியாசம் தெரிந்தது. தாழ்வான தோட்டத்துக் கொட்டையில் நடுக்கோடு நேராக, கொஞ்சம் வாய் பிளந்தாற்போல இருந்தது. ஏற்காட்டுக் கொட்டையில் அது நெளிந்து, இறுக மூடிக் கிடந்தது.

இதற்குக் காரணம் குளிர், குறிப்பாக ராத்திரிக் குளிர். ஆயிரம் மீட்டர் மேலே போனால் வெப்பம் சுமார் 6.5 டிகிரி குறையும். ஏற்காடு இருப்பது ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில். மே மாதத்தில் வண்ணாரப்பேட்டை மொட்டைமாடியில் பாய் விரித்துப் படுத்தாலும் விடியற்காலையில்கூட 28 டிகிரி இருக்கும். அதே நேரத்தில் ஏற்காட்டில் போர்வை தேடுவார்கள்.

செடியும் மூச்சு விடுகிறது. பகலில் இலை வெயிலை வைத்துச் சர்க்கரை செய்கிறது. அதில் ஒரு பங்கை அந்தச் சுவாசத்துக்காகவே எரித்துவிடுகிறது. வெப்பம் ஏற ஏற எரிப்பதும் கூடும். புழுக்கமான ராத்திரியில் பகல் சம்பாத்தியம் கரைந்துபோகும், குளிர்ந்த ராத்திரியில் கையில் மிஞ்சும். அதோடு, குளிரில் பழம் நிதானமாகப் பழுக்கிறது. தாழ்வான இடத்தில் சீக்கிரம் சிவந்துவிடும் பழம், மலையில் இன்னும் பல வாரம் கிளையிலேயே இருக்கும். அத்தனை நாளும் விதைக்குள் சரக்கு இறங்கிக்கொண்டே இருப்பதால் கொட்டை இறுகுகிறது. டம்ளர் கனத்தது இதனால்தான். குளிர் அளவு மீறினாலும் ஆபத்து, உறைபனி விழுந்தால் செடி கருகிவிடும். அராபிகாவுக்குப் பிடித்தது ஆண்டுச் சராசரி 18 முதல் 24 டிகிரி.

அப்புறம் வறுவல். பச்சை அராபிகா கொட்டையின் எடையில் 6 முதல் 9 சதவீதம் சர்க்கரை. 200 டிகிரியைத் தாண்டும் வறுவலில் அது கிட்டத்தட்ட முழுவதும் உடைகிறது. ஒரு பகுதி கருப்பட்டிப் பாகு போன்ற மணமாகிறது. ஒரு பகுதி அமினோ அமிலங்களோடு சேர்ந்து நிறத்தையும் வாசனையையும் தருகிறது. இன்னொரு பகுதி மெல்லிய அமிலங்களாக மாறுகிறது. எலுமிச்சையில் உள்ள சிட்ரிக் அமிலமும் ஆப்பிளில் உள்ள மாலிக் அமிலமும் கொட்டையில் ஏற்கெனவே உண்டு. மலைக்காப்பியை முதன்முதலாகப் பாலில்லாமல் குடிப்பவர்கள் "என்ன, புளிக்குதே" என்று முகம் சுளிப்பது இதனால்தான். பால் திரிந்த புளிப்போடு இதைச் சேர்க்கக் கூடாது. கமலா ஆரஞ்சுச் சுளையின் புளிப்பு இது, கூடவே இனிப்பும் வரும்.

தாழ்வான, வெப்பமான இடங்களில் வளரும் ரொபஸ்டா வேறு இனம். அதில் சர்க்கரை குறைவு. காஃபின் அராபிகாவைப்போல ஏறக்குறைய இரண்டு பங்கு. பூச்சி மிகுந்த இடத்தில் அந்தக் கசப்புதான் செடிக்குக் காவல். பாலை மீறித் தெரியும் திடமும் அதிலிருந்து வருவதால் அதைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது.

கடைப் பலகையில் உள்ள பெயர்களை வைத்து உயரத்தைக் கண்டுபிடிக்க முடியாது. பீபெரி என்றால் பழத்துக்குள் இரண்டு விதைக்குப் பதில் ஒரே விதை உருண்டையாக விளைந்தது, அவ்வளவுதான். பிளாண்டேஷன் ஏ என்றால் தோல் நீக்கிக் கழுவிப் பதப்படுத்திய அராபிகாவில் பெரிய கொட்டை. எந்த மலை என்று வாய்விட்டுத்தான் கேட்க வேண்டும். உயரம் மட்டுமே எல்லாம் என்றும் சொல்ல முடியாது. ஹவாய்த் தீவின் கோனா காப்பி 1,000 மீட்டருக்குக் கீழேயே விளைகிறது. பூமத்தியரேகையிலிருந்து தள்ளி இருப்பதால் அங்கே அந்த உயரமே போதுமான குளிர்ச்சி தருகிறது. நம் மலைத் தோட்டங்களில் சில்வர் ஓக் மரமும் அதில் படரும் மிளகுக்கொடியும் தரும் நிழலும் வெப்பத்தைக் கொஞ்சம் தணிக்கிறது.

சரி, வீட்டிலேயே பார்த்துவிடலாம். சிக்கரி கலக்காமல் நூறு கிராம் மலை அராபிகா அரைத்து வாங்குங்கள். முதல் டிகாஷனில் இரண்டு ஸ்பூன் தனியாக எடுத்து, பால் சேர்க்காமல் வெந்நீர் மட்டும் விட்டு ஆற வையுங்கள். கொதிக்கக் கொதிக்கக் குடித்தால் நாக்குக்குச் சூடுதான் தெரியும். வெதுவெதுப்பாக ஆகும்போது முதலில் அந்த ஆரஞ்சுப் புளிப்பு வரும், விழுங்கிய பிறகு இனிப்பு.