‘அவன்’ எண்டு எழுதி ‘அவள்’ எண்டு பாடின பெடியன்

நான் யாழ்ப்பாணத்தில கன வருசமா உளவளத்துணை செய்யிறன். என்னட்ட வாற ஆக்களில பாதிப்பேர் வேற ஏதோ வருத்தம் எண்டு சொல்லித்தான் வருவினம், நெஞ்சு படபடக்குது, நித்திரை இல்லை, படிப்பு ஏறுதில்லை. இந்தப் பெடியன் வந்தது குரலுக்கு. (அவனிட்டக் கேட்டுப்போட்டுத்தான் எழுதுறன், ஆரெண்டு பிடிபடாத மாதிரி சில விசயங்கள் மாத்தியிருக்கிறன்.)

சின்னனில இருந்து வாய்ப்பாட்டு படிச்சவன், கோயில் திருவிழா, கலியாணவீடு எண்டு ஒரு இசைக்குழுவோட பாடுறவன், சொந்தமா பாட்டு எழுதி மெட்டும் போடுவான். மற்ற ஆக்களின்ர பாட்டெண்டா மணித்தியாலக்கணக்கா பாடுவான், தன்ர பாட்டெண்டா ரெண்டாவது வரியில தொண்டை அடைச்சிடும். தொண்டை டொக்டர் பாத்துப்போட்டு ஒண்டும் இல்லை எண்டிட்டார். இது நடக்கிறதுதான், பயம் வந்தா குரல்வளையைச் சுத்தியிருக்கிற தசையள் இறுகும், ஆள் நடிக்கேல்ல, உண்மையாவே குரல் வராது.

பாட்டுக் கொப்பியைக் கொண்டுவரச் சொன்னனான். நீலப் பேனையால வடிவா எழுதியிருந்தது, அதில ‘ன்’ வந்த இடமெல்லாம் வெட்டி கறுப்புப் பேனையால ‘ள்’. வந்தான் வந்தாள், சிரிச்சான் சிரிச்சாள். ஒரு பக்கத்தில மட்டும் 11 இடம், எண்ணிப் பாத்தனான். எங்கட மொழியில வினைச்சொல்லின்ர வாலிலயே ஆணோ பெண்ணோ எண்டு வந்திடும், ஒளிக்க இடமில்லை. “‘நீ’ எண்டு எழுதித் தப்பலாம் மிஸ், ஆனா எத்தினை பாட்டுக்கு நீ நீ எண்டே எழுதுறது” எண்டான். பிறகு கொஞ்சநேரம் பேசாம இருந்துபோட்டு, “அந்த வெட்டின இடத்திலதான் மிஸ் குரல் நிக்குது” எண்டு சொன்னான்.

அவன் தன்பாலீர்ப்பு உள்ளவன், கே எண்டு சொல்லுவினமே, அது. வீட்டில ஃபோன் மெசேஜைப் பாத்துப் பிடிச்சு, மாத்தித் தாறம் எண்டு சொன்ன ஒரு இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், மாசக்கணக்கா குளிசை குடுத்திருக்கினம். எனக்கு அதைக் கேக்கேக்க வந்த கோவம் இண்டைக்கும் ஆறேல்ல. உலக சுகாதார நிறுவனம் இதை நோய்ப் பட்டியலில இருந்து எடுத்தது 1990 மே 17. குளிசையும் மாத்தாது, நேத்தியும் மாத்தாது, கலியாணம் கட்டி வச்சா ஒண்டும் அறியாத இன்னொரு பிள்ளையின்ர வாழ்க்கையும் சேந்து போகும்.

“பாட்டுப் போட்டா பொலிஸ் பிடிக்குமோ மிஸ்?” எண்டு கேட்டவன். 1883இல வெள்ளைக்காரன் கொண்டுவந்த தண்டனைச் சட்டக்கோவையில 365, 365அ எண்டு இருக்கிற பிரிவுகள் உடலுறவைத்தான் குற்றமாக்குது, ஒருத்தர் இப்பிடி இருக்கிறதையோ பாடுறதையோ இல்லை. அதை எடுக்க வந்த சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை எண்டு 2023 மே மாசம் உயர்நீதிமன்றம் சொன்னது, ஆனா அது சட்டமாகாமலே போட்டுது. அந்தப் பயத்தை வச்சு காசு பறிக்கிற ஆக்கள்தான் பெரிய ஆபத்து, அப்பிடி ஆரும் மிரட்டினா காசு குடுக்காதேங்கோ, குடுத்தா திரும்பவும் கேப்பாங்கள், மெசேஜுகளை அழிக்காம வச்சு ஒரு சட்டத்தரணியோட கதையுங்கோ.

இப்பிடிப் பாடி ஆராவது உருப்பட்டிருக்கினமோ எண்டதும் அவன்ர கேள்வி. பாடகர் ரிக்கி மார்ட்டினைச் சொன்னன், 12 வயசில மேடையேறினவர், 1999இல உலகம் முழுக்கத் தெரிஞ்சவர், தான் கே எண்டு தன்ர வாயால சொன்னது 2010இல, அப்ப வயசு 38. அவுஸ்திரேலியப் பாடகர் ட்ரோய் சிவான் யூடியூப்பில சொன்னது 2013இல, 18 வயசில, அதுவும் வீட்டுக்குச் சொல்லி 3 வருசத்துக்குப் பிறகு, முதல் முழு அல்பம் வந்தது அதுக்கும் பிறகு 2015இல. நான் அவனுக்குக் காட்டினது அந்த 3 வருசத்தை. அவையின்ர ஊர் வேற எங்கட ஊர் வேற, யாழ்ப்பாணத்தில இப்பிடியான ஆக்கள் வெளிப்படையா சேந்து போற பிரைட் ஊர்வலம் போனதே 2022இலதான், அவசரப்படுத்த எனக்கு மனமில்லை.

பிறகு அம்மா வந்தவ. “பாடட்டும் மிஸ், நான் வேண்டாமெண்டு சொல்லேல்ல, ஆனா இதை ஏன் ஊருக்குச் சொல்லோணும்?” எல்லாத் தாய்மாரும் கேக்கிற கேள்வி, அதில இருக்கிற பயம் உண்மையான பயம். நான் கேட்டன், அந்த இசைக்குழுவில மற்றப் பெடியள் காதல் பாட்டுப் பாடேக்க ஆராவது ஊருக்கு ஏன் சொல்லுறாய் எண்டு கேட்டவையோ எண்டு. பேசாம இருந்தா. மார்கழியில விடியப்பறம் சங்கும் சேமக்கலமுமா திருவெம்பாவை பாடிக்கொண்டு போற கூட்டத்துக்கு மகனை எழுப்பி அனுப்பினதே அவதான். மாணிக்கவாசகர் ஆம்பிளை, பாடினது பெண்பிள்ளையளின்ர குரலில, இவ்வளவு காலமும் எங்கட ஆம்பிளையளும் அதை அப்பிடியேதான் பாடுகினம். ரெண்டும் ஒண்டெண்டு நான் சொல்லேல்ல அம்மா, பாட்டுக்குள்ள மனசு எந்தக் குரலிலயும் வரும் எண்டது உங்களுக்கு ஏற்கனவே தெரிஞ்ச விசயம்தானே எண்டுதான் சொன்னன். அவ அழுதா, கொஞ்ச நேரத்தால “அவன் திருவெம்பாவை நல்லாப் பாடுவான் மிஸ்” எண்டா.

உடன மாறினா எண்டில்லை. நாலைஞ்சு தரம் வந்தவ, ஒருக்கா சண்டை பிடிச்சுக்கொண்டும் போனவ. உங்கட பிள்ளை இப்பிடிச் சொன்னா அண்டைக்கு ஒண்டும் முடிவெடுக்காதேங்கோ, சாப்பாட்டைப் போட்டுக் குடுத்துப்போட்டு பக்கத்தில இருங்கோ, அது காணும். வாழ விருப்பமில்லை எண்டு ஒரு சொல்லு வந்தாலும் 1926க்கு எடுங்கோ, தேசிய மனநல நிறுவனத்தின்ர இலக்கம், எந்த நேரமும் எடுக்கலாம்.

போன மாசம் அவன் வொய்ஸ் ஒண்டு அனுப்பினவன். அதே பாட்டு, ‘வந்தான்’ எண்டு ‘ன்’ஐ நல்லா இழுத்து, ஒரு இடத்திலயும் நிக்காம. முடியிற நேரம் பின்னால அம்மாவின்ர குரல், “ராசா, தேத்தண்ணி ஆறுது”. பாட்டை இன்னும் யூடியூப்பில போடேல்ல, எப்ப போடுறாய் எண்டு நானும் கேக்கேல்ல.