தொண்டைக்குள் திரும்பும் மணிக்கட்டு

"தொண்டையில் கட்டி. புற்றுநோய் இல்லையாம். ரோபோ வைத்து வாய்வழியே எடுத்துவிடலாம் என்கிறார் டாக்டர். இயந்திரம் தானாக வெட்டுவதை நம்பலாமா?" என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகர்.

தானாக எதுவும் வெட்டாது. சில அடி தள்ளி உட்கார்ந்திருக்கும் மருத்துவரின் விரல் அசைந்தால்தான் கருவி அசையும். அவர் திரையை விட்டு முகத்தை எடுத்தாலே அது நின்றுவிடும்.

சாதாரணக் கட்டிக்கு எதற்கு இவ்வளவு ஏற்பாடு? கட்டி இருக்கும் இடம் அப்படி. நாக்கின் அடிப்பகுதியோ தொண்டைச் சுவருக்குப் பின்னால் உள்ள இடுக்கோ வாயைத் திறந்தால் நேராகக் கண்ணில் படாது. அதனால் கழுத்தைத் திறந்து, சிலருக்குக் கீழ்த்தாடை எலும்பையே பிளந்துதான் முன்பு எடுத்தார்கள்.

ரோபோவில் எனக்கு மிகப் பிடித்தது அதன் மணிக்கட்டு. உங்கள் முன்கையைப் பிடித்துக்கொண்டு விரல்களை மடக்கிப் பாருங்கள். அசையும் தசை முன்கையில் இருக்கிறது, தசைநார்தான் விரலை இழுக்கிறது. இங்கும் அதே கதை. மோட்டார்கள் எல்லாம் வாய்க்கு வெளியே. மெல்லிய தண்டுக்குள் ஓடும் உலோக வடங்கள் நுனியில் உள்ள குட்டிக் கப்பிகளைச் சுற்றி இழுக்க, 5 அல்லது 8 மி.மீ. தடிமனுள்ள கருவி மேலும் கீழும், பக்கவாட்டிலும் வளைகிறது. மருத்துவர் கையை 3 செ.மீ. நகர்த்தினால் நுனி 1 செ.மீ. மட்டும் நகரும்படி வைக்கலாம். எவ்வளவு தேர்ந்த கையும் நொடிக்கு 8 முதல் 12 முறை நுணுக்கமாக நடுங்கும். கணினி அதை வடிகட்டிவிடுகிறது. சாய்ந்து பார்க்கும் முப்பரிமாணக் கேமரா மூலையைக் காட்டுகிறது.

இதன் வேர், போர்க்களத்தில் காயம்பட்டவருக்குத் தொலைவிலிருந்து அறுவை செய்யும் ஆசை. கலிஃபோர்னியாவில் உள்ள எஸ்ஆர்ஐ ஆய்வகத்தின் அந்த முயற்சிக்கு அமெரிக்க அரசுதான் பணம் கொடுத்தது. அதிலிருந்து வளர்ந்த டாவின்சி என்ற அறுவை ரோபோ 2000இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, தொண்டைக்கு 2009இல். உடனடிப் பயன் என்ன என்று கேட்டு ஆராய்ச்சி நிதியை வெட்டுகிறவர்கள் இந்த வரலாற்றைப் படிக்க வேண்டும்.

குறை உண்டு. பெரும்பாலான கருவிகள் தொடு உணர்வைக் கைக்குத் தருவதில்லை. திசு எவ்வளவு இழுபடுகிறது என்று கண்ணால்தான் கணிக்க வேண்டும். உமிழ்நீர்ச் சுரப்பியில் தோன்றும் பிளியோமார்ஃபிக் அடினோமா என்ற, புற்றுநோய் அல்லாத கட்டியின் உறை கிழிந்து உள்ளிருப்பது சிதறினால், கட்டி பிற்காலத்தில் மீண்டும் முளைக்கலாம். தொண்டைச் சுவருக்குப் பின்னால் உள்ள அந்த இடுக்கில்தான் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனியும் ஓடுகிறது. எனவே அந்த வாசகர் தன் டாக்டரிடம் கேட்க வேண்டியது இதுதான்: ஸ்கேனில் தமனி கட்டிக்கு எந்தப் பக்கம் இருக்கிறது? கட்டிக்கு முன்னால், வாய்ப் பக்கமாக இருந்தால் கழுத்துவழியே போவதுதான் பாதுகாப்பு.