பிப்ரவரியில் விலைபோகும் பேச்சு

அமெரிக்காவில் கறுப்பின வரலாற்றையும் வாழ்க்கையையும் மேடையில் பேசிப் பிழைப்பவருக்கு ஆண்டு என்பது ஆறு வாரம்தான். ஜனவரி மூன்றாம் திங்கள்கிழமை, மார்ட்டின் லூதர் கிங் நாளில் கல்லா திறக்கும். பிப்ரவரி கடைசியில் மூடிவிடும். கறுப்பின வரலாற்றாசிரியர் கார்ட்டர் ஜி. வுட்சன் 1926இல் ‘நீக்ரோ வரலாற்று வாரம்’ தொடங்கியபோது பிப்ரவரி இரண்டாம் வாரத்தைத் தேர்ந்தெடுத்தார். லிங்கனின் பிறந்தநாள் 12, அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்து அடிமை ஒழிப்புக்காகப் பேசிய பிரடரிக் டக்ளஸ் பிறந்தநாளாகக் கொண்டாடியது 14. இரண்டும் அந்த வாரத்தில் வருகின்றன. 1976இல் அது ‘கறுப்பின வரலாற்று மாதம்’ என்று முழு மாதமானது. மாணவருக்குத் தெரிந்த அளவுகூடத் தெரியாத பேச்சாளர்களை அழைக்காதீர்கள் என்று ஆசிரியர்களை எச்சரித்தவரும் அதே வுட்சன்தான். அதாவது, சந்தை பிறந்த கையோடு கலப்படமும் பிறந்துவிட்டது.

கல்லூரிக்காரர்கள் இந்த மாதத்தை எப்படி எண்ணுவார்கள் தெரியுமா? லீப் ஆண்டு இல்லையென்றால் பிப்ரவரியில் 20 வேலைநாள். வெள்ளி மாலையில் அரங்குக்கு மாணவர் வரமாட்டார்கள், நான்கு போயிற்று. மூன்றாம் திங்கள் அதிபர்கள் நாள், பல இடங்களில் விடுமுறை. மிச்சம் 15 மாலைகள். இதில் பயணத்துக்கும் பனிப்புயலில் நின்றுபோகும் விமானங்களுக்கும் ஒதுக்கினால், ஒருவர் ஒழுங்காகச் செய்யக்கூடியது பத்துப் பன்னிரண்டு மேடை. எல்லோரும் கேட்பதும் அந்தப் பதினைந்து மாலைகளைத்தான். ஆகவே அக்டோபரில் ஒரு விலை சொல்லும் பேச்சாளர் பிப்ரவரிக்கு வேறு விலை சொன்னால் அதைப் பேராசை என்று சொல்ல முடியாது. விற்பது தேதி, பேச்சு அதன் கூடவே வருகிறது.

இதனால் வேலை முந்தைய கோடையிலேயே தொடங்கிவிடும். பல்கலைக்கழக நிதியாண்டு பெரும்பாலும் ஜூலை 1இல் பிறக்கிறது. மாணவர் நிகழ்ச்சிக் கட்டணத்திலிருந்து வரும் பணத்தை மாணவர் குழு பங்கிடுவது செப்டம்பர், அக்டோபரில். நவம்பருக்குள் ஒப்பந்தம் கையெழுத்தாக வேண்டும். அரசுப் பல்கலைக்கழகமென்றால் பேச்சாளரை விற்பனையாளராகப் பதிந்து, வரி அடையாள எண்ணைத் தரும் டபிள்யூ-9 படிவம் வாங்கி, கொள்முதல் ஆணை வெளிவந்திருக்க வேண்டும். ஜனவரியில் ‘உங்களை அழைக்க விரும்புகிறோம்’ என்று மின்னஞ்சல் அனுப்பும் குழுவிடம் பெரும்பாலும் பணம் இருக்காது. ஆர்வம் மட்டுமே இருக்கும்.

கல்லூரிகள் கூடி வாங்கினால் விலை குறையும். கல்லூரி நிகழ்ச்சிகளுக்கான தேசியச் சங்கத்தின் மாநாடுகளில் ‘ஐந்து நாளில் மூன்று’ நிகழ்ச்சி, ‘ஏழு நாளில் ஐந்து’ நிகழ்ச்சி என்று விலை பேசுவார்கள். அக்கம்பக்கத்துக் கல்லூரிகள் அடுத்தடுத்த நாள்களை எடுத்துக்கொண்டால் விமானச் செலவு ஒருமுறைதான். அந்த மிச்சம் கட்டணத்தில் கழியும். அட்லாண்டா போன்ற ஊரில் இது எளிது. மோர்ஹவுஸ், ஸ்பெல்மன், கிளார்க் அட்லாண்டா என்ற மூன்று கறுப்பினக் கல்வி நிறுவனங்களும் அங்கே நடந்துபோகும் தூரத்தில் இருக்கின்றன.

இனி பணம். கட்டணம் 5,000 டாலர், செலவெல்லாம் அதற்குள் அடக்கம் என்று வைத்துக்கொள்வோம். பேச்சாளருக்கு மேடை பிடித்துத் தரும் முகமையின் கமிஷன் 25 சதவீதம் என்றால் 1,250 போய்விடும். விமானம் 450, விடுதி 180, டாக்சி 90, சாப்பாடு 60, ஆக 780. மிச்சம் 2,970. சுயதொழில் வரி 15.3 சதவீதம், அதை நிகர வருமானத்தின் 92.35 சதவீதத்தின் மேல் போடுவார்கள், சுமார் 420 வரும். வருமான வரிக்கு முன் கையில் நிற்பது 2,550. இதற்குப் போகவர இரண்டு நாள், தயாரிப்புக்கு இரண்டு நாள். காசோலையும் அன்றே வராது. 30 நாள் கழித்து வந்தால் நல்ல கல்லூரி. அதனால்தான் கையெழுத்தானதும் பாதி முன்பணம் என்ற விதியை அனுபவசாலிகள் விட்டுக்கொடுப்பதில்லை. 1868இல் பாஸ்டனில் தொடங்கி டக்ளஸையும் மேடையேற்றிய ரெட்பாத் முகமை எடுத்துக்கொண்டது 10 சதவீதம். இன்றைய வழக்கம் 20 முதல் 30 வரை.

‘செலவு அடக்கம்’ என்பதா, ‘கட்டணம் தனி, செலவு தனி’ என்பதா? இந்தக் கேள்வி நீதிமன்றம்வரை இழுத்திருக்கிறது. 1960இல் அலபாமா அரசு மார்ட்டின் லூதர் கிங் மீது 1956, 1958 வரிக் கணக்குகளில் பொய் சொன்னதாகக் குற்றவழக்குப் போட்டது. ஊர் ஊராகப் பேசப் போனவருக்கு ஈடுகட்டித் தந்த பயணச் செலவையும் வருமானமாகச் சேர்த்துக்கொண்டதுதான் அரசுத் தரப்பின் கணக்கு. வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி மே மாதம் அவரை விடுவித்தது. அந்தக் காலத்து அலபாமாவில் யாரும் எதிர்பாராத தீர்ப்பு. பேச்சாளர் ஒவ்வொரு டாக்சிச் சீட்டையும் தேதி, ஊர், அழைத்தவர் பெயரோடு எடுத்துவைப்பது ஏனென்று இப்போது புரியும்.

தேவாலய மேடையின் கணக்கு வேறு. பெண்கள் ஞாயிறு, போதகரின் ஆண்டுவிழா, எழுப்புதல் கூட்டம் ஆகியவற்றுக்கு அழைக்கப்படுபவருக்குப் பெரும்பாலும் கட்டணம் பேசப்படுவதில்லை. தட்டில் விழும் ‘அன்புக் காணிக்கை’தான். அது முழுவதும் பேச்சாளருக்கா, சபை கழித்துக்கொண்டு மிச்சமா என்பதை முன்கூட்டியே கேட்பது நாகரிகக் குறைவு என்று பலர் நினைத்து, பிறகு வருந்துகிறார்கள். பயணச் செலவையும் குறைந்தபட்சத் தொகையையும் கடிதத்தில் உறுதிசெய்துகொண்டு, அதற்கு மேல் வருவதைக் காணிக்கைக்கு விட்டால் யார் முகமும் சுளிக்காது.

அரங்கு நிறைந்த பிறகு வேலை இயற்பியலுக்கு மாறுகிறது. கறுப்பினச் சபை கேட்டுக்கொண்டு மட்டும் இருக்காது, பதில் சொல்லும். ‘வெல்’ (சரிதான்), ‘ஆமென்’, ‘சே இட்’ (சொல்லுங்கள்) என்று ஒவ்வொரு வாக்கியத்தின் வாலிலும் ஒரு குரல் வரும். அதற்கு இடம் விடாதவர் தன் அடுத்த வாக்கியத்தின் முதல் சொற்களை இரைச்சலில் இழக்கிறார். 1963 ஆகஸ்ட் 28 அன்று கிங் லிங்கன் நினைவகப் படிகளில் பேசிய சுமார் 1,650 சொற்களுக்கு ஏறக்குறைய 17 நிமிடம் ஆயிற்று, நிமிடத்துக்கு 100 சொல்லுக்கும் கீழே. சாதாரண ஆங்கில உரை 150ஐத் தொடும். ஆகவே 40 நிமிடத்துக்கென்று 6,000 சொல் எழுதிக்கொண்டு வருபவர் இங்கே ஒரு மணி நேரத்தைத் தாண்டுவார்; பின்வரிசையில் சபை விருந்தைக் கவனிக்கும் சமையலறைப் பெண்கள் எழுந்துபோகத் தொடங்குவார்கள். 4,000 சொல்லோடு வர வேண்டும்.

எதிரொலி இன்னொரு தொல்லை. பேச்சுக்கு ஒரு நொடி எதிரொலி போதும். கல்லும் கண்ணாடியுமாகக் கட்டிய உயரமான தேவாலயத்தில் இரண்டு நொடியைத் தாண்டும், மெய்யெழுத்துகள் கரைந்துபோகும். கூட்டமும் குரல் கொடுக்கும்போது சட்டையில் குத்தும் சிறு மைக் தோற்றுவிடும். அது வாயிலிருந்து 20 சென்டிமீட்டரில் இருக்கிறது. கையில் பிடிக்கும் மைக் 5 சென்டிமீட்டரில். தூரம் பாதியாகும் ஒவ்வொரு முறையும் ஒலி சுமார் 6 டெசிபெல் கூடும். இங்கே இருமுறை பாதியாகிறது. 12 டெசிபெல் லாபம். ஒப்பந்தத்தின் தொழில்நுட்பப் பக்கத்தில் ‘கைமைக்’ என்று ஒரே சொல் எழுதினால் இந்த லாபம் கிடைத்துவிடும்.

கூட்டத்தின் குரலே அளவுமானியும். ‘டேக் யுவர் டைம்’ (நிதானமாகச் சொல்லுங்கள்) என்று குரல் வந்தால் எல்லாம் சரி, இன்னும் மெதுவாகப் போகலாம். குரல்கள் குறைந்தால் எடுத்துக்காட்டுகளைத் தாண்டி முடிவுப் பத்திக்குப் போக வேண்டும். ‘ஹெல்ப் ஹிம், லார்ட்’ என்று மூத்த அம்மா ஒருவர் முன்வரிசையிலிருந்து மென்மையாகச் சொன்னால் அது வாழ்த்து இல்லை. இவர் தடுமாறுகிறார், ஆண்டவரே கைகொடும் என்ற வேண்டுதல் அது.