வாசல் குழாயைத் திருகுவதற்கு முன்

"அண்ணே, வாசல் குழாய் கையோட வந்துடுச்சு. தண்ணி பீச்சி அடிக்குது, சீக்கிரம் வாங்க." வேலூரில் பிளம்பர் வேலை பார்க்கும் எனக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் வரும் போன்களில் பாதி இப்படித்தான் தொடங்கும். சத்துவாச்சாரியோ காட்பாடியோ, போய்ப் பார்த்தால் காட்சி ஒன்றுதான். வீட்டுக்காரர் நனைந்த லுங்கியோடு சுவர் ஓட்டையில் பழந்துணியைத் திணித்துப் பிடித்துக்கொண்டிருப்பார். மாடித் தொட்டி காலியாகிக்கொண்டிருக்கும். காலடியில் புதுக் குழாய் பிரிக்காத கவரில் கிடக்கும்.

ஒழுகும் குழாயை மாற்ற நினைத்தது தப்பே இல்லை. நொடிக்கு ஒரு சொட்டு என்றால் நாளைக்கு 86,400 சொட்டு. இருபது சொட்டு ஒரு மில்லி என்று வைத்தால் நான்கு லிட்டருக்கு மேல் போகிறது. போர் தண்ணீருக்கு மோட்டார் ஓட்டிக் கரண்ட் பில் கட்டுகிறவர்களுக்கு அது வலிக்கும். குழாயடியில் தேங்கும் நல்ல தண்ணீர் டெங்கு கொசுவுக்குத் தொட்டில் வேறு. வெயில் காலத்தில் ஒரு வாரம், பத்து நாளில் முட்டை கொசுவாகிவிடும்.

ஆனால் எல்லா ஒழுகலுக்கும் குழாயை மாற்ற வேண்டியதில்லை. மூடியபிறகும் வாய் வழியாகச் சொட்டினால் வாஷர் போயிருக்கும். சில ரூபாய் வேலை. திறந்திருக்கும்போது கைப்பிடி அடியில் கசிந்தால் அங்கே இருக்கும் நட்டைச் சற்று இறுக்கினாலே பல நேரம் நின்றுவிடும். குழாய் சுவரைத் தொடும் இடத்தில் ஈரம் கண்டாலோ, உடம்பில் விரிசல் இருந்தாலோதான் கழற்ற வேண்டும்.

கழற்றுவதில்தான் வில்லங்கம். எல்லோரும் குழாயைப் பார்க்கிறார்கள், அதற்குப் பின்னால் சுவருக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை. கொசப்பேட்டை, சைதாப்பேட்டைப் பக்கம் பழைய வீடுகளில் உள்ளே ஜிஐ பைப், அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு பைப். வெளியே பெயின்ட் பளபளக்கும், உள்ளே மரை (திருகு வரி) துருவேறி அப்பளம் மாதிரி இருக்கும். புது வீடுகளில் குழாயைத் திருகும் வளைவுத் துண்டான பிளாஸ்டிக் எல்போ. அதில் பித்தளை மரை பதித்தது என்றால் கவலை இல்லை. வெறும் பிளாஸ்டிக் மரை என்றால் வெளியே இருக்கும் பித்தளைக் குழாய் அதை உளி மாதிரி பிளந்துவிடும்.

தொழிலுக்கு வந்த புதிதில் வேலப்பாடியில் ஒரு வீட்டில் நானே இதைச் செய்தேன். வால்வை மூடினேன், அது முழுதாக மூடியதா என்று பார்க்கவில்லை. பெரிய பைப் ரெஞ்சைப் போட்டு ஒரே இழுப்பு. 'டக்'கென்று சத்தம். குழாய் கையில், மரை சுவருக்குள். அந்த வீட்டுப் பாட்டி திண்ணையில் உட்கார்ந்தபடியே கேட்டார்: "இன்னாபா, ஒரு கொழா மாத்தறதுக்கு செவுத்தையே ஒடைக்கணுமா?" உடைத்தேன். கூலி வாங்கவில்லை, சிமென்ட் காசும் என்னுடையது.

அதிலிருந்து நான் மாற்றாத முறை இது. முதலில் மேலே போய் வால்வை மூடுவேன். பல வருடம் தொடாத கேட் வால்வு நம்ம ஊர் உப்புத் தண்ணீரில் இறுகிப் போய், சுற்றினாலும் அடைக்காது. அதனால் கீழே குழாயைத் திறந்துவிட்டு ஐந்து நிமிஷம் நிற்பேன். நூல் மாதிரி தண்ணீர் வந்துகொண்டிருந்தால் வால்வு பிடிக்கவில்லை என்று அர்த்தம்; தொட்டியைக் காலி செய்யாமல் ரெஞ்சை எடுப்பதே இல்லை. அடுத்து, குழாயைச் சுற்றி இருக்கும் பூச்சை இரண்டு விரல் அகலத்துக்குச் சின்ன உளியால் தட்டி எடுத்தால் உள்ளே இருப்பது தெரியும். நிப்பிள் (இரு முனையிலும் மரை உள்ள குட்டை பைப்) வெளியே நீண்டிருந்தால் அதை ஒரு ரெஞ்சால் அசையாமல் பிடித்துக்கொண்டு, இன்னொன்றால் குழாயை இடப்பக்கம் திருப்ப வேண்டும். துருப்பிடித்த ஜிஐ என்றால் துரு நீக்கும் ஸ்ப்ரே அடித்து, டீ குடித்துவிட்டு வந்து தொடலாம். அவசரம் வேண்டாம்.

மீறியும் பழைய பிளாஸ்டிக் குழாயின் மரை எல்போவுக்குள் உடைந்துவிட்டால் பதற வேண்டாம். ஹேக்ஸா பிளேடின் துண்டால், எல்போவின் மரையைத் தொடாமல், உடைந்த துண்டில் மட்டும் இரண்டு கீறல் போட்டு உள்பக்கமாக மடக்கினால் சுருண்டு வந்துவிடும்.

புதுக் குழாய் வாங்கும்போது கையில் எடை பாருங்கள். பிளாஸ்டிக் குழாய் நம்ம ஊர் சித்திரை வெயிலில் வெளுத்து, பிறகு நொறுங்கும். கால் சுற்று திருப்பினாலே மூடும் நாகரிகக் குழாய் குளியலறைக்கு நல்லது. போர் தண்ணீர் வரும் வாசலில் உள்ளே இருக்கும் தட்டில் உப்பு படிந்து இறுகிவிடும், வாஷர் போட்டு சரிசெய்யவும் முடியாது. என் ஓட்டு பழைய பாணி பித்தளைத் திருகு குழாய்க்குத்தான்.

புதுக் குழாயை மரை முனை உங்களைப் பார்க்கும்படி பிடித்து, கசிவை அடைக்கும் டெஃப்லான் டேப்பைக் கடிகார முள் சுற்றும் பக்கமாக எட்டு, பத்து சுற்று இழுத்துச் சுற்றுங்கள். எதிர்ப்பக்கம் சுற்றினால் திருகும்போதே பிரிந்து வந்துவிடும். கையால் முடிந்தவரை திருகி, பிறகு ரெஞ்சால் ஒரு சுற்று, ஒன்றேகால் சுற்று. வாய் நேராக வரவில்லை என்று பின்னால் திருப்பினீர்களோ, கசிவு நிச்சயம். கழற்றி டேப்பைக் கூட்டிச் சுற்றிவிட்டுத் திரும்பவும் போடுங்கள்.

யாரும் யோசிக்காத ஒன்றும் இருக்கிறது. காவிரித் தண்ணீர் வரும் மாநகராட்சி லைனில் உள்ள வாசல் குழாயில் ஹோஸை மாட்டி, மறுமுனையை மாட்டுத் தொட்டியிலோ துணி ஊறும் பக்கெட்டிலோ முக்கிவைக்கிறார்கள். சப்ளை நின்றதும் பைப் காலியாகும். மேட்டில் இருக்கும் வீடு என்றால் பள்ளத்து வீட்டுக் குழாய் திறந்ததும் பக்கெட்டில் இருப்பது பின்னால் இழுக்கப்பட்டுக் குடிதண்ணீர் பைப்புக்குள்ளேயே போகும். அந்த லைனில் நேராக மோட்டார் போட்டு உறிஞ்சுகிறவர் தெருவில் இருந்தால் இன்னும் மோசம். ஹோஸ் முனை எப்போதும் தண்ணீர் மட்டத்துக்கு மேலே தொங்கட்டும். ஹோஸ் மாட்டும் குழாய்க்கு முன்னால் தண்ணீரை ஒரு பக்கம் மட்டுமே விடும் நான்-ரிட்டர்ன் வால்வு ஒன்றைப் போடச் சொல்லி வாடிக்கையாளர்களை நான் நச்சரிப்பதும் இதனால்தான்.

வேலை முடிந்த கையோடு சுவரைப் பூசிவிடாதீர்கள். தொட்டியை நிரப்பி, குழாயை மூடி, ஜாயின்ட்டுக்கு அடியில் ஒரு துண்டு தினத்தாளைச் செருகிவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் காகிதம் மொறமொறவென்று இருந்தால் சிமென்ட்டைக் குழைக்கலாம்.