சீறாத பாம்பு

அடுக்கி வைத்த விறகை நகர்த்தும்போது உஸ்ஸென்று இரைச்சல் கேட்டால் கால் தானாகப் பின்வாங்கும். அந்த இரைச்சலுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்பது என் கட்சி. கண்ணாடி விரியன் குக்கர் ஆவி விடுவதுபோல இரைவதும், நல்ல பாம்பு படமெடுப்பதும் "கிட்டே வராதே" என்ற எச்சரிக்கை. இரையை வீழ்த்துவதற்காக உமிழ்நீர் உருமாறியதே விஷம். செலவழித்தால் மீண்டும் சுரக்க நாளாகும். விழுங்க முடியாத நம்மீது அதைக் கொட்டுவதில் பாம்புக்கு என்ன லாபம்? கடித்தும் விஷம் இறக்காமல் விடுவதுகூட உண்டு. அதை நம்பி வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது. அது வெற்றுக் கடியா என்பது பல மணி நேரம் கழித்துத்தான் தெரியும்.

பாம்பு செவிடு என்பார்கள். வெளிக்காதும் செவிப்பறையும் இல்லைதான். ஆனால் தரையின் அதிர்வு தாடை எலும்பு வழியாக அதன் உட்காதுக்குப் போய்விடுகிறது. அழுந்த நடந்தால் பெரும்பாலான பாம்புகள் முன்கூட்டியே விலகிவிடும். விரியன்கள் அப்படியல்ல. சருகோடு சருகாக, தன் நிறத்தை நம்பி அசையாமல் கிடக்கும், மிதித்தால் கடிக்கும். இரவில் வெளியே போகிறவர் கையில் டார்ச் வேண்டும் என்பது அதனால்தான்.

வீட்டுப் பக்கம் பாம்பை இழுத்து வருவது பெரும்பாலும் எலி. பிளவுபட்ட நாக்கின் இரு நுனிகளும் மணத்துகள்களைத் தனித்தனியே ஒற்றியெடுக்கின்றன. மேலண்ணத்தில் உள்ள ஜேக்கப்சன் உறுப்பு அவற்றை அறிகிறது. எந்தப் பக்கம் வாசனை அழுத்தமோ அந்தப் பக்கம் தலை திரும்பும். எலி வளையை அடைக்காமல் வாசலில் நாற்றக் கரைசல் தெளிப்பது வீண் வேலை.

விரியன் விஷம் இரத்தத்தின் உறையும் ஆற்றலைக் கெடுக்கிறது. உறைதலுக்கான புரதங்களைத் தாறுமாறாகத் தூண்டி, இருப்பு முழுவதையும் காலி செய்துவிடுகிறது. கடிபட்டவரின் இரத்தம் கொஞ்சம் எடுத்துச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் ஊற்றி, 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்பார்கள். உறைந்திருக்க வேண்டிய இரத்தம் தண்ணீர்போல ஓடினால் விஷம் ஏறியிருக்கிறது என்று பொருள். கடித்த இடத்தைக் கீறி விஷத்தை வெளியேற்றப் பார்ப்பவர்கள், இப்படி உறையாத இரத்தத்துக்குத்தான் புதிதாக ஒரு வழி திறந்துவிடுகிறார்கள்.

நான் அதிகம் அஞ்சுவது கட்டுவிரியனுக்கு. பெயரில்தான் விரியன், இனத்தால் இது நல்ல பாம்பின் உறவு. சீறல் இல்லை, படம் இல்லை. இரவில் இரை தேடி வந்து, தரையில் தூங்குபவரைக் கடித்துவிட்டுப் போய்விடும். பல் சிறியது, எறும்பு கடித்ததுபோலத்தான் இருக்கும், சிலர் விழிப்பதுகூட இல்லை. வீக்கமும் இராது. விடியற்காலையில் வயிற்று வலி என்பார். பிறகு இமை சரியும், பேச்சு குழறும், எச்சிலை விழுங்க முடியாது. கொசுவலையின் ஓரத்தைப் படுக்கைக்கடியில் செருகிக்கொண்டால் இவ்வளவும் நேராமல் போகலாம்.

நரம்பு தசைக்கு ஆணையிடுவது அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளால். நல்ல பாம்பின் விஷம் தசைப் பக்கத்தில் அதை வாங்கும் இடத்தை மறித்துக்கொள்கிறது. கட்டுவிரியன் விஷமோ அனுப்பும் நரம்பு முனையையே சிதைக்கிறது. முறிமருந்து இரத்தத்தில் சுற்றும் விஷத்தைப் பிடிக்கும். சிதைந்த முனையைச் சீராக்காது. அந்த முனை மறுபடி வளர நாட்கள், சில சமயம் வாரங்கள்கூட ஆகும். அதுவரை செயற்கைச் சுவாசம்தான் உயிர். ஆகவே இறுக்கிக் கட்டுவதிலும் வாயால் உறிஞ்சுவதிலும் பாம்பைத் துரத்துவதிலும் போகும் ஒவ்வொரு நிமிடமும் நஷ்டம். கடிபட்ட கை காலை அசைக்காமல், முறிமருந்தும் செயற்கைச் சுவாசக் கருவியும் உள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டுபோக வேண்டும்.

முற்றிய நிலையில் கடிபட்டவரால் விரலையும் அசைக்க முடியாது. கண்ணில் வெளிச்சம் அடித்தால் கண்பாப்பா சுருங்காமலும் போகலாம். சுற்றி நிற்பவர்கள் எல்லாம் முடிந்துவிட்டது என்று பேச ஆரம்பிப்பார்கள். அவருக்கு அது காதில் விழுந்துகொண்டிருக்கும்.