சர்: சார், சேர், மாராயம்

"சார், சர்க்கரை கம்மியா?" என்று டீக்கடையில் கேட்கிற சாரும், பிரிட்டன் மன்னர் வாளால் தோளைத் தொட்டுத் தருகிற 'சர்' பட்டமும் ஒரே சொல்தான். ஈழத்துத் தமிழர் அதையே 'சேர்' என்று எழுதுவார்கள்: இலங்கைத் தமிழ்த் தலைவர் சேர் பொன். இராமநாதன்.

மூலம் லத்தீன். 'செனியோர்' என்றால் வயதில் மூத்தவர். அது பிரெஞ்சில் தேய்ந்து 'சீர்' ஆகி, ஆங்கிலத்தில் 'சர்' ஆனது. அலுவலகத்தில் நாம் சொல்லும் 'சீனியர்' கூட இதன் உடன்பிறப்புதான். ஆக, சொல்லின் அடிப்பொருள் 'மூத்தவர்', 'பெரியவர்'. நம்முடைய 'ஐயா'வுக்கு இதைவிடப் பொருத்தமான இணை கிடைக்காது.

ஆனால் பட்டமாக வரும்போது 'ஐயா' போதாது. அங்கே 'சர்' என்பது 'நைட்' என்ற தகுதியின் அடையாளம். இந்த 'நைட்' வந்த வழி எனக்கு மிகவும் பிடிக்கும். பழைய ஆங்கிலத்தில் 'க்னிஹ்ட்' என்றால் பையன், ஏவலாள். ஜெர்மன் மொழியில் அதன் உறவுச் சொல்லான 'க்னெஹ்ட்' இன்றும் பணியாளைத்தான் குறிக்கிறது. பிரபுவிடம் வேலை செய்த பையன் குதிரை வீரனாகி, அப்புறம் மதிப்புக்குரிய பட்டத்துக்காரனாக உயர்ந்தான். தமிழில் 'சேவகன்' போன திசை நேர் எதிர். கம்பன் இராமனைச் சேவகன் என்று சொல்லும்போது அதற்கு வீரன் என்று பொருள். இன்று அந்தச் சொல்லைக் கேட்டால் வேலைக்காரன்தான் நினைவுக்கு வருகிறான்.

பட்டம் எப்படி ஒட்டுகிறது என்பதற்கு வின்ஸ்டன் சர்ச்சில் நல்ல எடுத்துக்காட்டு. 1922-இல் அவருக்குக் 'கம்பானியன் ஆஃப் ஹானர்' கிடைத்தது; 1946-இல் 'ஆர்டர் ஆஃப் மெரிட்'. இரண்டாவது, ஒரே காலத்தில் 24 பேருக்கு மேல் போகாத உயர்ந்த விருது. இரண்டுமே பெயருக்கு முன்னால் எதையும் சேர்ப்பதில்லை, பின்னால் சில எழுத்துகளோடு சரி. இத்தனைக்கும் பிறகு அவர் வெறும் மிஸ்டர் சர்ச்சில்தான். 1945 தேர்தலில் தோற்றபோது ஆறாம் ஜார்ஜ் மன்னர், 'சர்' பட்டத்தோடு வரும் 'கார்ட்டர்' விருதைத் தர முன்வந்தார், சர்ச்சில் மறுத்துவிட்டார். 1953 ஏப்ரல் 24 அன்று, எலிசபெத் அரசி முடிசூடுவதற்குச் சில வாரங்கள் முன்பு, வின்சர் கோட்டையில் அதே விருதை ஏற்றார். அன்றுதான் அவர் 'சர் வின்ஸ்டன்' ஆனார். அதே ஆண்டு இலக்கியத்துக்கான நோபல் பரிசும் வந்தது.

1955-இல் பிரபுக்களில் உயர்ந்த டியூக் பட்டம் தர முன்வந்தபோது அதையும் மறுத்தார். அன்றைய விதிப்படி டியூக் ஆனால் பிரபுக்கள் சபைக்குப் போக வேண்டியிருந்தது, மக்களவையில் உட்கார முடியாது. 'சர்' பட்டத்துக்கு அந்தத் தடை இல்லை. அவர் 1964 வரை எம்.பி.யாக இருந்தார். 2014-இல் சட்டத்துறைப் பணிக்காக 'சர்' ஆன பிரிட்டன் அரசியல்வாதி கியர் ஸ்டார்மர் மறு ஆண்டே மக்களவைக்கு வந்ததும் இதனால்தான்.

நம் செய்திகளில் அடிக்கடி ஒரு பிழையைப் பார்க்கிறேன்: 'சர் சர்ச்சில்', 'சர் ஸ்டார்மர்'. 'சர்' குடும்பப் பெயரோடு ஒட்டாது. சர் வின்ஸ்டன் சர்ச்சில் என்று முழுதாக எழுதலாம், சுருக்கினால் சர் வின்ஸ்டன். மனைவிக்குத்தான் குடும்பப் பெயர்: லேடி சர்ச்சில். பெண்களே பட்டம் பெற்றால் 'டேம்'. தமிழ்ப் பெயர்களில் மட்டும் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். 'பொன்னம்பலம்' என்பது இராமநாதனின் தந்தை பெயர். 'சர் பொன்னம்பலம்' என்று சுருக்கினால் அவரையும், அதே பட்டம் பெற்ற தம்பி அருணாசலத்தையும் பிரித்தறிய முடியாது.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'வீரத்திருத்தகை' என்று சிலர் எழுதுகிறார்கள். பொருள் சரிதான், ஆனால் வாயில் நிற்காது. நம்மிடம் பழைய சொல்லே இருக்கிறது. 'மாராயம் பெற்ற நெடுமொழி' என்கிறது தொல்காப்பியம். மாராயம் என்றால் அரசன் தரும் சிறப்பு. படைத்தலைவருக்கு ஏனாதி, வணிகருக்கு எட்டி என்று பட்டங்கள் இருந்தன. ஏனாதிக்கு மோதிரம், எட்டிக்குப் பொற்பூ. சோழிய ஏனாதி திருக்குட்டுவன் என்று புறநானூற்றில் ஒருவர் பெயரே பட்டத்தோடு வருகிறது. சர் வின்ஸ்டன் போலத்தான்.

'கார்ட்டர்' என்பது முழங்காலுக்குக் கீழே கட்டும் பட்டி. 1348 வாக்கில் மூன்றாம் எட்வர்ட் தொடங்கிய விருது அது. இடக்காலில் நீலப் பட்டியாகக் கட்டுவார்கள். நம் வீரர்கள் காலில் அணிந்த வீரக்கழல் உலோகம், இது துணி. வேறுபாடு அவ்வளவுதான், இரண்டுமே காலில் தெரிகிற பெருமை.

என் தேர்வு இது. பெயருக்கு முன்னால் 'சர்' அப்படியே இருக்கட்டும். அது பெயரின் பகுதியாகிவிட்டது. விருதைச் சொல்லும்போது 'மாராயம்' என்போம். 'கார்ட்டர் விருது' என்பதைக் 'கழல் மாராயம்' என்று எழுதலாம். எழுதிப் பாருங்கள்: '1945-இல் வேண்டாம் என்ற கழல் மாராயத்தைச் சர்ச்சில் 1953-இல் ஏற்றார்.'